புழுவுக்கென்று ஒரு கொடி

இலை முழுசாக, பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கொடியை நட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலி முழுக்கத் தழைத்து, ரோட்டில் போகிறவர்கள் நின்று விசாரிக்கும் அளவுக்கு அழகாகப் படரும். சில வாரம் கழித்து வந்து பார்த்தால் வெறும் தண்டும் காம்பும்தான் நிற்கும். அப்படி நின்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் சொல்வது அரிஸ்டோலோக்கியா அக்குமினாட்டா. பழைய நூல்களில் அரிஸ்டோலோக்கியா டகாலா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் ஈசுரமூலி, கருடக்கொடி என்று சொல்கிறார்களே, அதற்குப் பங்காளி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதையும் கருடக்கொடி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இந்தியாவிலிருந்து மலேசியா, இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா வரைக்கும் இது தானாக வளர்கிற கொடி. எங்களைச் சுற்றியிருக்கிற பால்மரம், அதாவது ரப்பர், பிரேசிலிலிருந்து வந்தது, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கருடக்கொடி அதற்கெல்லாம் முன்பே இந்த மண்ணில் இருந்தது. இளசாக இருக்கும்போது பச்சைத் தண்டு. வயது ஏற ஏறத் தண்டு கட்டையாகி, மேல்பட்டை தக்கையாகப் பிளந்து வரும்.

எங்கள் ஊர் பீடோர். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தெற்கே, தாப்பாவைத் தாண்டி. கிழக்கே பார்த்தால் தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே தெலுக் இந்தான் போகிற வழி நெடுகச் செம்பனை. தோட்டத்து நர்சரியில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். செம்பனைக் கன்றைப் பாலிபேக்கில் வளர்த்து, நடவுக்கு அனுப்புகிற வேலை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி வேலியில் என்ன படரவிடலாம் என்று யோசித்தபோது, நர்சரிக்குப் பக்கத்துச் சிற்றாற்றங்கரையில் பார்த்த இந்தக் கொடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதை ஏன் நட வேண்டும் என்றால், இந்தக் குடும்பத்துக் கொடியைத் தவிர வேறு எதையும் தின்னத் தெரியாத புழுக்கள் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் முக்கியமாக இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். ஒன்று காமன் ரோஸ், தமிழ்நாட்டில் ரோஜா அழகி என்கிறார்கள். இன்னொன்று காமன் பேர்ட்விங். கறுப்பு முன்சிறகும் தங்க மஞ்சள் பின்சிறகுமாக, விரித்த சிறகு ஒரு சாணுக்கும் நெருக்கமாக வரும் பெரிய வண்ணத்துப்பூச்சி. பூவில் தேன் குடிப்பதற்கு இவற்றுக்கு ஆயிரம் செடிகள் இருக்கின்றன. முட்டை போடுவதற்கு மட்டும் இந்தக் கொடிதான் வேண்டும். பூச்செடி எத்தனை வைத்தாலும், கொடி இல்லாத இடத்தில் பேர்ட்விங் வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறை அங்கே பிறக்காது.

கொடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. மற்ற பூச்சிகளைத் தள்ளிவைக்கக் கொடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்தப் புழுக்கள் அதைத் தின்று, செரித்து, தங்கள் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பூச்சியான பிறகும் அந்த நஞ்சு போவதில்லை. ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை அடுத்த தடவை கிட்டே வராது. அதனால்தான் ரோஜா அழகி அவசரப்படாமல், தாழ்வாக, ஆற அமரப் பறக்கிறது.

இங்கேதான் நம் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்தப் பதிவில் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வரவைக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களோடு, வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மருந்தில் சேர வேண்டிய மூலிகைக்குப் பதிலாக ஒரு அரிஸ்டோலோக்கியா வேர் சேர்ந்துவிட்டதுதான் காரணம். பால்கன் நாடுகளில் கோதுமை வயலில் களையாக முளைத்த இன்னொரு அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவில் கலந்து, ஊர் ஊராகச் சிறுநீரக நோய் வந்தது. ஆகவே கருடக்கொடி என்று கேள்விப்பட்டதும் வேரை இடித்துக் கஷாயம் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூடாது. பாம்புக்கடிக்கு நல்லது என்று எங்கள் தெருவில் ஒரு தாத்தா சொன்னார். "தாத்தா, பாம்பு கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம், இந்தக் கொடி பக்கம் வரவே வேணாம்" என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

இன்னொரு ஆபத்து அதைவிடக் கிட்டே இருக்கிறது. இந்தக் கொடியின் இலை அகலமான நெஞ்சு வடிவம். நம் வீட்டு வேலிகளில் ஏற்கெனவே அதே வடிவத்தில் இரண்டு கொடிகள் இருக்கும். ஒன்று வெற்றிலை. இன்னொன்று மலாய்க்காரர்கள் பத்தாவாலி என்று சொல்லும் சீந்தில் வகை. சர்க்கரைக்கு நல்லது என்று அந்தத் தண்டை நறுக்கிக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். கருடக்கொடியை இந்த இரண்டோடும் ஒரே வேலியில் விடவே கூடாது. பின்னிக்கொண்டால் எது எந்தத் தண்டு என்று நர்சரிக்காரிக்கே குழப்பம் வரும். கண் மங்கிய பாட்டி வெற்றிலை கிள்ளும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். பத்தாவாலித் தண்டில் சின்னச் சின்ன முண்டுகள் தெரியும். வெற்றிலையைக் கசக்கினால் காரமான வாசம் வரும். ஆனால் அடையாளம் தெரிகிறது என்ற தைரியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நட வேண்டாம். வீட்டின் ஒரு பக்கம் தின்கிற கொடி, எதிர்ப்பக்கம் புழுவின் கொடி என்று பிரித்துவிடுங்கள். நான் கருடக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, தமிழிலும் மலாயிலும் "நஞ்சு" என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.

கொடியைக் காட்டில் தேடுகிறவர்கள் இன்னொன்றோடும் குழப்பிக்கொள்வார்கள். மிக்கானியா என்ற களைக்கொடி செம்பனைக்குள் எங்கும் இருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பாதி ஆசியாவை மூடிய கொடி. அதன் இலையும் நெஞ்சு வடிவம்தான். ஆனால் மிக்கானியாவுக்குக் கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிரே இருக்கும், கருடக்கொடிக்குக் கணுவுக்கு ஒன்று, மாறி மாறி வரும். காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். ஆறு பட்டையுள்ள பச்சைக் காய், பழுத்துக் காய்ந்ததும் காம்புப் பக்கத்திலிருந்து ஆறாகப் பிளந்து, தொங்குகிற உறி போல விரிந்துகொள்ளும். உள்ளே காகிதமாக மெலிந்த தட்டை விதைகள் அடுக்கடுக்காக இருக்கும், காற்று அசைத்தால் ஒவ்வொன்றாக உதிரும்.

சரி, நடுகிற விஷயத்துக்கு வருவோம். வனக்காப்புப் பகுதிக்குள் போய் எதையும் பிடுங்கக் கூடாது, அதற்கு வன இலாகா அனுமதி வேண்டும். நான் எடுத்தது தோட்டத்து ஆற்றோரத்தில், அங்கே இருக்கிற மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு எடுத்தது. வேரோடு பிடுங்கவில்லை. பென்சில் தடிமனுள்ள, ரொம்ப இளசுமில்லாத, தக்கை கட்டிய முற்றலுமில்லாத தண்டாகப் பார்த்து, மூன்று கணு வருகிற மாதிரி வெட்டினேன். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேல் இலையைப் பாதியாக நறுக்கிவிட்டால் தண்ணீர் குறைவாக ஆவியாகும். ஆற்று மணலும் மேல்மண்ணும் பாதிக்குப் பாதி கலந்த சின்னப் பாலிபேக், நிழல் வலைக்குக் கீழே, தினமும் லேசாகத் தண்ணீர். மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

நர்சரியில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: தளிர் வந்துவிட்டது என்று பதியன் பிழைத்துவிட்டதாக நினைக்காதே. தண்டுக்குள் மிச்சம் இருக்கிற சத்தை வைத்தே தளிர் வரும், கீழே வேர் ஒன்றுகூட இருக்காது. அந்த நேரத்தில் இழுத்துப் பார்த்தாலோ வெயிலுக்கு மாற்றினாலோ ஒரே நாளில் வாடிவிடும். பாலிபேக்கின் ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அதை அசைக்கக் கூடாது. அதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரைக்கும் உரமும் வேண்டாம். விதையிலிருந்தும் வரும், ஆனால் விதை புதுசாக இருக்க வேண்டும். டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருஷம் தூவினால் ஏமாற்றம்தான். ஒரே நாளில் எல்லாம் முளைக்காது, ஒன்றிரண்டாக வரும். விதைக்கன்று மெதுவாக வளர்ந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனிச் செடி, அதனால் எனக்கு விதைக்கன்றுதான் பிடிக்கும்.

நடுகிற இடத்தில் வேருக்கு நிழலும் நுனிக்கு வெயிலும் கிடைக்க வேண்டும். காட்டு ஓரத்தில் அது அப்படித்தான் வளர்கிறது, அடி புதருக்குள் இருக்கும், தலை மேலே வெளிச்சத்துக்குப் போகும். தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஆகவே ஆகாது, வேர் அழுகிவிடும். எங்கள் மண் களி என்பதால் குழியில் மணலும் மட்கிய உரமும் நிறையக் கலந்தேன். செம்பனை ஆலையிலிருந்து வருகிற வெறுங்குலை கிடைத்தால் நல்லது. பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற அந்தக் குலையைத் தோட்டத்தில் மரத்தடியில் பரப்புவது எல்லாருக்கும் தெரியும். நான் அதை நன்றாக மட்கவிட்டு, தண்டிலிருந்து ஒரு கைப்பிடி தூரம் தள்ளிப் போடுகிறேன். ஒட்டிப் போட்டால் தண்டு ஈரம் கோத்துக் கறுத்துவிடும்.

பந்தல் பலமாக இருக்க வேண்டும். கயிறு, மூங்கில் குச்சியெல்லாம் முதல் வருஷத்துக்குத் தாங்கும். தண்டு கட்டையான பிறகு அதன் கனமும் மழை ஈரமும் சேர்ந்து இழுக்கும். வேலிக்குப் போடுகிற பி.ஆர்.சி. கம்பிதான் எனக்குச் சரிப்பட்டது. பழ மரத்தில் ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். ஏற்றலாம், ஆனால் அப்புறம் புழுவும் முட்டையும் எல்லாம் உச்சியில்தான் இருக்கும், பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

கொடி தலையளவுக்கு ஏறின பிறகு முதலில் வந்தது ரோஜா அழகிதான். எங்கள் ஊரைப் போன்ற சின்ன ஊர்களுக்கு வருவதற்கு அது தயங்குவதில்லை. கொடியைச் சுற்றிச் சுற்றி வந்து, இலையைக் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். கால் நுனியில்தான் அதற்குச் சுவை தெரியும். பிடித்துவிட்டால் வயிற்றை வளைத்து இலையின் அடிப்பக்கத்தில் ஒரு முட்டை, பறந்துபோய் வேறு இலையில் இன்னொன்று. புழு கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சதைக் கொம்புகள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். எனக்கு இப்போது அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது உங்கள் கறிவேப்பிலை மரம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டை போடுகிற காமன் மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை அச்சு அசலாக ரோஜா அழகியின் வேஷம் போட்டிருக்கும், பறவைகளை ஏமாற்ற. அருகில் போய்ப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: ரோஜா அழகியின் உடம்பு சிவப்பு, மோர்மனின் உடம்பு கறுப்பு. ரோஜா அழகி இருக்கிற ஊரில்தான் அந்த வேஷத்துக்கு மதிப்பு, ஏனென்றால் பறவை பாடம் படிப்பது ரோஜா அழகியிடம்தான். ஆக, பின்வேலியில் ஒரு கருடக்கொடி வைத்தால் முன்வாசல் கறிவேப்பிலையில் பிறக்கிற பூச்சிக்கும் அது பாதுகாப்பு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கறிவேப்பிலைக்கும் நான் மருந்தடிப்பதில்லை. கொத்துக்குச் சில இலை போனால் போகட்டும், குழம்புக்கு மிச்சம் இருக்கிறது.

பேர்ட்விங் வரத் தாமதமானது. அதற்கு மலையோரக் காடு வேண்டும், அங்கிருந்து பூவைத் தேடி ஊருக்குள் இறங்கி வரும். காலையிலும் சாயங்காலத்திலும்தான் பறக்கும், அதுவும் மர உயரத்தில். வேலியோரம் இக்சோராவும் செம்பருத்தியும் வைத்தது அதைக் கீழே இறக்குவதற்கு உதவியது என்று நினைக்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டிலேயே இருந்தோம் இல்லையா, அந்தக் காலத்தில்தான் ஒரு பெண் பேர்ட்விங் முட்டை போட்டதிலிருந்து பூச்சி பறந்து போகிற வரைக்கும் முழுசாகப் பார்த்தேன். முட்டை நல்ல பெரியது, ஆரஞ்சு கலந்த மஞ்சள் உருண்டை. புழு கரும்பழுப்பு, நடு உடம்பில் சாய்ந்து ஓடுகிற வெளிர் பட்டை. கடைசிப் பருவத்தில் என் சுண்டு விரலைவிடத் தடிமன்.

அந்தக் கடைசிப் பருவத்தைப் பற்றித்தான் வளர்க்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இலையோடு நிற்காது. கட்டையான தண்டின் பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்னும், அதற்கு மேலே இருக்கிற கொடி முழுக்க வாடிவிடும். ஒற்றைத் தண்டாக வளர்த்திருந்தால் அன்றோடு எல்லாம் போச்சு, மேலே இருக்கிற சின்னப் புழுக்களும் பட்டினி. அதனால் அடியிலிருந்தே மூன்று நான்கு தண்டாகப் பிரித்து வளர்க்க வேண்டும். இளங்கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். ஒரு பக்கத்தைக் கவாத்து செய்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவைத்தால் எப்போதும் எங்காவது தளிர் இருக்கும், பொரித்து வருகிற குட்டிப் புழுவுக்குத் தளிர்தான் வேண்டும். அடிவரைக்கும் தின்றுவிட்டாலும் பயப்பட வேண்டாம். வேர் தடிமனானது, மழை பெய்தால் திரும்பத் துளிர்க்கும். ஒரு தடவை மொட்டையான கொடியைச் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், அவசரம்தான் காரணம்.

கூட்டுப்புழு காய்ந்த இலை நிறத்தில், ஒரு நூல் வளையத்தில் சாய்ந்து தொங்கும். தெரியாமல் கை பட்டால் உடம்பை அசைத்து உஸ் என்று ஒரு சத்தம் போடும். ஏறக்குறைய மூன்று வாரம். பூச்சி வெளியே வந்ததும் சிறகு கசங்கிப் போய் இருக்கும், அது விரிந்து காய்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, போட்டோவுக்காகக் கிளையை வளைக்கவும் கூடாது. கூண்டில் அடைத்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பேர்ட்விங் வகைகள் இருக்கின்றன, ஒன்று மட்டும் இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் குத்தி விற்பதற்காகப் பிடிக்கப்படுகிற இனங்கள் இவை. கொடியிலேயே பிறந்து, கொடியிலேயே வளர்ந்து, தானாகப் பறக்கட்டும்.

அக்கம்பக்கத்தில் பேச்சு வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஏம்மா, செடியெல்லாம் புழு அரிச்சிக் கெடக்கு, கொஞ்சம் மருந்து அடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் பெரியம்மா வளக்கிறேன்" என்றேன். நம்பவில்லை. பேர்ட்விங் வெளியே வந்த அன்று கூப்பிட்டுக் காட்டினேன், அதிலிருந்து அவரே காலையில் வேலிப் பக்கம் வந்து எண்ணிச் சொல்கிறார். பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது, செம்பனைக்குப் பக்கத்தில் எலியும் உண்டு, நாகமும் உண்டு. அதனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் இலை இல்லாமல் வெறும் தண்டாக வைத்திருக்கிறேன், அடியில் குப்பையும் பலகையும் சேர விடுவதில்லை. முசுறு எறும்பு கூடு கட்டினால் குட்டிப் புழுக்களை இழுத்துப் போய்விடும். கொடிக்கு வருகிற பாதையில் பக்கத்து மரக்கிளை உரசாமல் வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மிச்சத்தை நான் கண்டுகொள்வதில்லை, எறும்புக்கும் வயிறு இருக்கிறது.

டெங்கிக்குப் புகையடிக்க வருவார்கள். அதைத் தடுக்கக் கூடாது, எங்கள் தெருவிலேயே டெங்கியால் படுத்தவர்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் கொடியைக் கன்வாஸ் போட்டு இறுக மூடி, புகை அடங்கினதும் உடனே எடுத்துவிடுவேன். வெயிலில் மூடியே வைத்திருந்தால் உள்ளே வெந்துவிடும். கொடிக்கு வைக்கிற தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் நின்று கொசு முட்டை போட்டால் அபராதமும் வரும், அதற்குப் பிறகு தெருவில் யாரும் கொடி வளர்க்க விட மாட்டார்கள்.

கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பெரிய பூவுக்காக விற்கிற அரிஸ்டோலோக்கியாக்கள் பெரும்பாலும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் அப்படி ஒரு அலங்காரக் கொடியில் முட்டை போட்டு, அதைத் தின்ற புழுக்கள் செத்துப்போவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் அங்கே ஊர் மக்கள் அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் நாட்டுக் கொடியை நட்டு வருகிறார்கள். நம் கருடக்கொடியின் பூ விரல் நீளம்கூட வராது. அடியில் ஒரு குமிழ், வளைந்த குழல், ஓரத்தில் கருஞ்சிவப்பு நாக்கு. அந்தக் குழலுக்குள் சின்ன ஈக்கள் நுழையும். உள்நோக்கி வளர்ந்த மயிர்கள் அவற்றைத் திரும்ப விடாது. மகரந்தம் உதிர்ந்த பிறகு மயிர் வாடி வழி திறக்கும், ஈ மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஒரு பூவைப் பிளந்து பேரனுக்குக் காட்டினேன், உள்ளே இரண்டு ஈ உயிரோடு இருந்தன. கடையில் வாங்கின கன்றானால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சில மாதம் வைத்து, பழைய இலைகள் எல்லாம் போய்ப் புது இலை வந்த பிறகு வேலிக்குக் கொண்டுவாருங்கள்.

கொடி நட்டால் ராஜா புரூக் வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி, 1855-இல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பெயர் வைத்தது, கறுப்புச் சிறகில் மரகதப் பச்சை. கோப்பெங்கிற்குப் பக்கத்தில் உலு கெரோவில் செமாய் பழங்குடி மக்கள் அதைக் காத்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஆண்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக இறங்கி உப்புத் தண்ணீர் உறிஞ்சும். அதற்குக் காட்டுக்குள் இருக்கிற வேறொரு அரிஸ்டோலோக்கியா வேண்டும், அந்தக் காடும் வேண்டும். வீட்டு வேலிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம், உலு கெரோவுக்குப் போய்ப் பாருங்கள்.

ஒரே ஒரு வீட்டில் கொடி இருந்தால் போதாது என்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். புழு நிறைய, இலை தீர்ந்துவிட்டது என்றால் மாற்றுத் தீவனம் எதுவும் கிடையாது. கீரை போட்டாலும் தின்னாது. பக்கத்தில் இன்னொரு கொடி இருந்தால் அங்கிருந்து கிளை வெட்டி வந்து கட்டிவிடலாம், தாய்ப்பூச்சியும் பிரித்துப் பிரித்து முட்டை போடும். அதனால் தங்கச்சி வீட்டுக்கு ஒன்று, கோயில் பின்வேலிக்கு ஒன்று என்று கொடுத்தேன். தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன்பு தலைமையாசிரியரிடம் நஞ்சைப் பற்றி விளக்கிச் சொல்லி, பிள்ளைகள் விளையாடுகிற பக்கமாக இல்லாமல், ஆசிரியர் துணையோடு மட்டும் போகிற மூலையில் நட்டோம்.

ஆனாலும் வீட்டு வேலிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஆற்றங்கரைக்கு ஈடாகாது. தோட்டத்தில் வேலை செய்கிற நம் ஆட்களிடம்தான் இதைக் கேட்கிறேன். 1990-களில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா கொடியை மண்ணை மூடுவதற்காக நாமே வளர்த்தோம். அது ஓரம் தாண்டிப் போய் ஆற்றோரச் செடிகளை மூடுகிறது, அதை இழுத்துவிட வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரியிலிருந்து தடை, நல்ல காரியம்தான், ஆனால் வேறு களைக்கொல்லி அதே இடத்தில் அடிக்கத்தான் செய்கிறார்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செம்பனை வளர்ப்பதற்கான எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசியச் சான்றிதழ் கட்டாயமான பிறகு ஆற்றோரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது தோட்டங்களுக்குத் தெரியும். மருந்தடிக்கிற பம்ப்பைச் சுமக்கிற அக்காக்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று யாராவது காட்டினால்தான் அது நடக்கும். எங்கள் பக்கத்து ஆற்றோரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த மரம் வரைக்கும்தான் மருந்து, அதற்கு அப்பால் கூடாது என்று இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாராங் கத்தியால் செதுக்கும்போது நெஞ்சு வடிவ இலையோடு, கணுவுக்கு ஒன்றாக, உறிக்காய் தொங்குகிற கொடியைப் பார்த்தால், வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டுங்கள். வெட்டின தண்டை வீசாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

எங்கள் பக்கம் நடவுக்கு ஏப்ரல் மழையும் அக்டோபர் மழையும் நல்ல சமயம். காய் பிளக்கிற நேரத்தில் விதை கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். கேட்கிறவர்கள் எந்த வேலியில் விடப் போகிறீர்கள், அங்கே வெற்றிலையோ பத்தாவாலியோ இருக்கிறதா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று முதலில் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் நான் யாருக்கும் விதை கொடுப்பதில்லை.